ஒன்பதாவது படம்

காலையில் எங்கள் கட்டடத்துப் படிகளைக் கழுவ வந்தவன் பச்சைச் சோப்பைக் கொஞ்சம் தாராளமாகவே ஊற்றிவிட்டான் போலிருக்கிறது. அந்தப் பைன் மர மணம் கதவிடுக்கால் நுழைந்து, குசினியில் தேத்தண்ணிக் கோப்பையோடு நின்ற என் மூக்கில் ஏறியது. உடனே நீ வந்துவிட்டாய். செத்துப்போனவர்களைப் பற்றி எழுதுகிறவர்கள் மல்லிகை மணத்தது, சந்தனம் மணத்தது என்பார்கள். உனக்குப் பச்சைச் சோப்புத்தான். இருபது வருடம் அந்த வாளிக்குள் கை ஊறக் கிடந்தவள் நீ. உன் கைப்பை, உன் மேலங்கி, நீ கீறிய காகிதங்கள் எல்லாமே அப்படித்தான் மணத்தன.

நீ போய் இன்றைக்கு இருபத்திநாலாம் நாள். முப்பத்தோராம் நாளுக்கு உனக்கு நினைவு மலர் அடிக்கிறார்கள். தேவாரம், உன் புகைப்படம், வம்சாவளி, அனுதாபச் செய்திகள், எல்லாம் முறைப்படி. எங்கள் சங்கத் தலைவரும் ஒரு செய்தி எழுதிக் கொடுத்திருக்கிறார். ‘அஞ்சா நெஞ்சம் கொண்ட ஓவியர்’ என்று உன்னைப் புகழ்ந்திருக்கிறார். வாசித்ததும் முதலில் சிரிப்பு வந்தது, பிறகு தாளைக் கவிழ்த்து வைத்தேன். உன் மகள் ஆரணி என்னிடமும் இரண்டு பக்கம் கேட்டாள். “அம்மான்ரை உயிர்ச் சிநேகிதி நீங்கள்தானே அன்ரி” என்றாள். உயிர்ச் சிநேகிதியாம்.

அதனால் எழுதுகிறேன். இரண்டு பக்கத்தில் அடங்காது. மலரில் போடுவார்களோ மாட்டார்களோ, அது அவர்கள் பாடு.

அருங்காட்சியகத்தில் நாங்கள் துப்புரவு வேலைக்குச் சேர்ந்த முதல் குளிர்காலம் உனக்கு மறந்திருக்காது. ஒஸ்லோவின் ரொம்மனில் முதல் ரி-பானா ரயிலைப் பிடித்து, ஒருத்தியின் தோளில் ஒருத்தி தூங்கி விழுந்து போவோம். மேல்மாடி எனக்கு, கீழ்மாடி உனக்கு. கதவு திறக்கிற நேரத்துக்கு முன்னால் நிலம் காய்ந்திருக்க வேண்டும். ஊரில் நீ சித்திர ரீச்சர், நான் தபால் கந்தோரில் எழுதுவினைஞர். இங்கே இரண்டு பேருக்கும் ஒரே நீலச் சட்டை, ஒரே தும்புத்தடி. அது எனக்கு அவமானமாக இருந்தது. உனக்கு அப்படி இல்லை. “நிலம் கழுவுறதுக்கு ஆரும் என்ரை நிறத்தைப் பாக்கேல்லை, அழுக்கைத்தான் பாக்கினம்” என்பாய்.

கீழ்மாடியில் ஒரு கண்ணாடிப் பெட்டி வந்தது. அதற்குள் ஒரு தடித்த புத்தகம், ஏதோ பழைய கையெழுத்துப் பிரதியை அப்படியே அச்சடித்த நகல். ஒரு பக்கம் எழுத்து, மறுபக்கம் கறுப்பு மைக் கோட்டுச் சித்திரம். திங்கட்கிழமை தோறும் சிவப்புக் கண்ணாடி போட்ட ஒரு பெண் வந்து, பெட்டியைத் திறந்து, ஒரு பக்கம் புரட்டிவிட்டுப் போவாள். அவ்வளவுதான். அந்த ஒரு பக்கத்துக்காக நீ கிழமை முழுக்கக் காத்திருந்தாய். ஊரில் தொடர்கதைக்குக் காத்திருந்த பெட்டைகளைப்போல. திங்கட்கிழமை நான் மேல்மாடியில் வாளியை வைத்ததுதான் தாமதம், கீழே இருந்து உன் சத்தம் கேட்கும்.

“எடியே, வாடி கீழை! புதுப் பக்கம் வந்திட்டுது!”

“எனக்கு இன்னும் ரெண்டு அறை கிடக்கு.”

“அது ஓடாது. இதை நாளைக்கு வேற கண்ணோடைதான் பாப்பாய். வா!”

அந்தச் சிவப்புக் கண்ணாடிக்காரிதான் எங்களுக்குக் கதை சொன்னாள். தென்னமெரிக்காவில் அந்தீஸ் மலை நாடு. ஸ்பானியர் வந்து பிடித்துக்கொண்ட நாடு. நானூறு வருடங்களுக்கு முன்னால் அந்த நாட்டு மனிதர் ஒருவர், வயது போன நேரத்தில், ஸ்பானிய ராசாவுக்கு ஒரு கடிதம் எழுதினாராம். ஆயிரம் பக்கத்துக்கு மேல். தன் சனத்துக்கு என்னென்ன நடந்தது என்று எழுத்திலும் எழுதி, ராசாவுக்கு விளங்காமல் போனாலும் என்று படமாகவும் கீறினாராம். ராசா அதை வாசித்ததற்கு ஒரு அடையாளமும் இல்லை என்றாள். அவர் பெயரையும் சொன்னாள். என் வாயில் அது அப்போதும் நுழையவில்லை.

நீ தும்புத்தடியைப் பிடித்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தாய். “பெட்டிசம்! எடி, கிழவர் ராசாவுக்குப் பெட்டிசம் போட்டிருக்கிறார்! எங்கட யாழ்ப்பாணத்து ஆள்தான், சந்தேகமில்லை!” அந்த நோர்வேக்காரி எங்களை ஒரு மாதிரிப் பார்த்தாள். வேலிச் சண்டைக்கும் பெட்டிசம், பள்ளிக்கூட இடமாற்றத்துக்கும் பெட்டிசம் என்று எழுதித் தள்ளுகிற சனம் நாங்கள் என்பது அவளுக்கு எப்படித் தெரியும்? தபால் கந்தோரில் இருந்தவள் நான், எத்தனை மொட்டைப் பெட்டிசத்துக்கு முத்திரை குத்தியிருப்பேன்.

பிறகு நீ சிரிக்கவில்லை. தறியில் இருந்து நெய்கிற ஒரு பெண்ணைப் பாதிரியார் ஒருவர் காலால் உதைக்கிற பக்கம் வந்தது. நீ கண்ணாடியில் மூக்கு முட்ட நின்றாய். “காலைப் பார்” என்றாய். “உதைக்கிறவனுக்குச் சப்பாத்து. அந்த மனிசி நூலை விடேல்லை, பார். உதை வாங்கிக்கொண்டும் நெய்யுது.” துப்புரவு அட்டவணைக் கடதாசியின் பின்பக்கத்தில், பென்சிலால், அந்த இடத்திலேயே கீறினாய். அப்படித் தொடங்கினதுதான். ஒவ்வொரு திங்களும் ஒரு பிரதி. கட்டி இழுத்துச் செல்லப்படுகிறவர்கள், தண்டனைக்கு நிறுத்தப்பட்டவர்கள், மேலே மூக்கும் கண்ணும் வைத்த சூரியன் ஒன்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருப்பது. எல்லாம் உன் அலுமாரிப் பெட்டியில், சோப்புக் கலனுக்குப் பக்கத்தில் கிடந்து மணம் ஏறின.

ஒரு திங்கள் மட்டும் நீ என்னைக் கூப்பிடவில்லை. நானாக இறங்கி வந்தேன். “இஞ்சை பார், இது ஸ்பானியக்காரன் இல்லை” என்றாய். “இது அவையின்ரை ஆள். ஊர்த் தலைவன். தன்ரை சனத்துக்கே செய்யிறான். கிழவர் அதையும் கீறி ராசாவுக்கு அனுப்பியிருக்கிறார்.”

“அதைக் கீறாமல் விட்டிருக்கலாம்” என்றேன் நான். “மற்றவன் பாத்துச் சிரிக்கிறதுக்கோ?”

நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். “மற்றவன் செய்ததை மட்டும் கீறினா அது பெட்டிசம் இல்லையடி, பொய்ச் சாட்சி” என்றாய். நான் வாளியைத் தூக்கிக்கொண்டு மேலே போய்விட்டேன். எனக்கு அப்போதே உன்னோடு அந்தக் கதைக்குள் போக விருப்பமில்லை.

பிறகு நான் பாலர் நிலையத்தில் உதவியாளராகப் போனேன். என் மனிசன் பக்கத்து ஊரான லில்லெஸ்ட்ரோமில் மரக்கறிக் கடை திறந்தார். நீ வாளியோடேயே நின்றாய். யுத்தம் முடிந்தது. அதை எப்படி முடிந்தது என்று உனக்கு எழுத வேண்டியதில்லை. உன் அக்கா வன்னியில் இருந்து உயிரோடு வெளியே வந்தாள், அக்காவின் மகள் வரவில்லை. பதினாறு வயது. அவளை ஆமிக்காரன் கொண்டுபோகவில்லை. அதற்கு முதலே, எங்கட இயக்கத்து ஆட்களே வீட்டுக்கு வந்து, சண்டைக்கு என்று தாயின் கையில் இருந்து இழுத்துக்கொண்டு போனவர்கள். ஒஸ்லோவில் இது எல்லோருக்கும் தெரியும். ஒருவரும் வாய் திறப்பதில்லை. செத்த வீட்டில் மட்டும், அதுவும் காதுக்குள், கதைப்போம்.

இரண்டு வருடம் நீ ஒரு கோடும் கீறவில்லை. பிறகு ஒரு சனிக்கிழமை என்னை வரச் சொன்னாய். சாப்பாட்டு மேசை முழுக்கப் படங்கள். பன்னிரண்டு. அந்தக் கிழவரின் கோடுகளேதான். தட்டையான உடம்புகள், பெரிய கண்கள், மேலே முகம் வைத்த சூரியன். ஆனால் பனைமரம், பதுங்குகுழி, உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிய சட்டிபானைகள். ஒவ்வொன்றுக்கும் கீழே இலக்கம். ஒன்று, இரண்டு, மூன்று. “கிழவர் பக்கத்துக்குப் பக்கம் இலக்கம் போட்டவர்” என்றாய். “ஆராவது ஒண்டை உருவினா ராசாவுக்குத் தெரியவேணும் எண்டு.” அது கிழவரின் யோசனையா உன் யோசனையா என்று நான் கேட்கவில்லை.

ஒன்பதாவது படத்தை நான் சரியாகப் பார்க்கவில்லை. இதை இன்றைக்குத்தான் ஒத்துக்கொள்கிறேன். சீருடை போட்ட ஒருத்தி ஒரு பிள்ளையை இழுப்பது தெரிந்தது, தாய் ஒருத்தி நிற்பது தெரிந்தது. அந்தளவில் கண்ணை எடுத்துக்கொண்டு, “இதை விடன்” என்றேன்.

“ஏன்?”

“பதினொண்டும் காணும். மே மாத அஞ்சலிக்கு வைக்கப் போறம் எண்டு சங்கம் கேக்குது. அதுக்கை இதைக் கொண்டு போனா கரைச்சல்.”

“அக்கா வாறாள்” என்றாய். “மூண்டு மாத விசா கிடைச்சிட்டுது. அவள் பாக்கவேண்டிய படம் அது ஒண்டுதான். மற்றப் பதினொண்டும் உங்களுக்கு.”

உன் பிடிவாதத்தோடு யார் மல்லுக்கட்டுவது? விட்டுவிட்டேன்.

அஞ்சலிக்கு முதல்நாள் பின்னேரம், ரொம்மனில் வாடகைக்கு எடுத்த மண்டபத்தில் நீயே நின்று பன்னிரண்டையும் கொழுவினாய். நீ வீட்டுக்குப் போன பிறகு தலைவர் எனக்குத் தொலைபேசி எடுத்தார். குரல் தேன். “தங்கச்சி, உங்கட சிநேகிதி வடிவாத்தான் கீறியிருக்கிறா. அந்த ஒன்பதாவது மட்டும் இப்ப தேவையில்லை. எதிரிக்கு நாங்களே தீனி போடக் கூடாது. நான் சொன்னா அவ கோவிப்பா. நீங்கள் எண்டா பக்குவமாச் செய்வியள்.” கொஞ்சம் பொறுத்து, “கடை எப்பிடிப் போகுது?” என்றும் கேட்டார். சங்கத்தின் எல்லாக் கொண்டாட்டத்துக்கும் மரக்கறி எங்கள் கடையில் இருந்துதான் போனது. நான் ஒன்றும் குழந்தையில்லை, விளங்கிக்கொண்டேன். ஆனால் கடையை மட்டும் சாட்டிவிட்டுத் தப்ப மாட்டேன். துரோகி என்ற சொல் என் வீட்டுக் கதவைத் தட்டிவிடும் என்று பயந்தேன். அந்தச் சொல் விழுந்த வீட்டுக் கலியாணத்துக்கும் சனம் போகாது, செத்த வீட்டுக்கும் போகாது. இரண்டு குமர்ப்பிள்ளைகள் எனக்கு.

உனக்கு எடுத்துச் சொல்லியிருக்கலாம். சண்டை பிடித்திருக்கலாம். நான் செய்ததைப் பார். காலையில் மண்டபத்துக்கு முதல் ஆளாகப் போனேன். ஒன்பதாவதைக் கழற்றித் துணிப்பைக்குள் வைத்தேன். மிச்சத்தை இடைவெளி தெரியாமல் தள்ளித் தள்ளிக் கொழுவினேன். அப்போதுதான் இலக்கங்கள் கண்ணில் பட்டன. எட்டுக்குப் பிறகு பத்து. பாலர் நிலையத்தில் பிள்ளைகளின் பெயர் ஒட்டுகிற துண்டுகள் என் கைப்பையில் இருந்தன. மூன்று துண்டு எடுத்து, பத்தை ஒன்பதாக்கி, பதினொன்றைப் பத்தாக்கி, பன்னிரண்டைப் பதினொன்றாக்கி ஒட்டினேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டேன் என்று ஒரு நிம்மதி வேறு. வெட்கம் கெட்ட நிம்மதி.

பத்து மணிக்கு நீ அக்காவைக் கூட்டிக்கொண்டு வந்தாய். அக்கா வெள்ளைச் சேலை, நோர்வேக் குளிருக்கு உன் பழைய மேலங்கி. சனம் ஒதுங்கி வழி விட்டது. அக்கா முதலாவது படத்தில் இருந்து தொடங்கினாள். ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரே அளவு நேரம் நின்றாள், கோயிலில் ஒவ்வொரு சந்நிதிக்கும் நிற்பதுபோல. கடைசிப் படம் முடிந்தது. திரும்பி வந்தாள். மறுபடி முதலில் இருந்து பார்த்தாள். பிறகு உன்னைப் பார்த்து, “பிள்ளை எங்கை?” என்றாள்.

நீ சுவரைப் பார்த்தாய். உனக்கு முதலே நான் பாய்ந்து விழுந்து சொன்னேன்: “அதின்ரை கண்ணாடி உடைஞ்சு போச்சு அக்கா. புதுசு போடக் குடுத்திருக்கு.”

உன் கண் ஒன்பதாம் இலக்கத் துண்டில் நின்றது. என் ஒன்பது எப்போதும் வால் நீண்டுதான் இருக்கும். இத்தனை வருட வேலை அட்டவணையில் என் கையெழுத்தைப் பார்த்தவள் நீ. அக்காவின் தோளில் கை வைத்து, ஒரு கதிரையில் இருத்தினாய். அவளுடைய பிள்ளையைப் பார்க்க இந்தச் சனத்துக்கு விருப்பமில்லை என்று அவளிடம் எப்படிச் சொல்வாய்? என் பொய்யை நீ அப்படியே விழுங்கிக்கொண்டாய்.

மேலங்கிகள் கொழுவுகிற இடத்தில்தான் என்னைப் பிடித்தாய். நான் அழத் தயாராக இருந்தேன், நீ அதற்கும் இடம் தரவில்லை. மெல்லச் சொன்னாய்: “ராசா வாசிக்காமல் விட்டது வேற கதை. நீ தபால் கந்தோரிலை வைச்சே கிழிச்சுப் போட்டாய்.” அவ்வளவுதான். மேலங்கியைப் போட்டுக்கொண்டு, அக்காவைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாய்.

படத்தைத் திருப்பித் தருவேன் என்று நினைத்தேன். அடுத்த கிழமை, அடுத்த மாதம். அலுமாரிக்குப் பின்னால் சுவரோடு சாத்தி வைத்தேன். நீயும் கேட்கவில்லை. அதுதான் எனக்கு உன்மேல் இன்றைக்கும் உள்ள கோபம். வந்து கதவைத் தட்டிக் கேட்டிருக்கலாமே! தலைமயிரைப் பிடித்து இழுத்திருக்கலாமே! ரி-பானாவில் கண்டால் “சுகமோ?” என்பாய். “சுகம்” என்பேன். இரண்டு தரிப்பிடம் கழிய நீ இறங்கிவிடுவாய், உன் வீட்டுக்கு இன்னும் மூன்று தரிப்பிடம் இருக்கும். அதற்குப் பிறகு நீ பேனை தொடவில்லை என்று ஆரணி சொல்லித்தான் எனக்குத் தெரியும். நீயும் லேசுப்பட்டவள் இல்லை. பதின்மூன்று வருடம் அந்த ஒரு வார்த்தையோடு என்னை விட்டுவிட்டாய்.

இந்த வருடம் உனக்கு வருத்தம் முற்றிவிட்டது என்று கேள்விப்பட்டு ஆஸ்பத்திரிக்கு வந்தேன். படத்தைத் துணிப்பையில் போட்டுக்கொண்டுதான் வந்தேன், சத்தியமாக. அறைக்குள் வந்தால் தலைவரும் மனைவியும் கட்டிலுக்கு இரண்டு பக்கமும் கதிரை போட்டு இருக்கிறார்கள். தோடம்பழம் உரித்துக்கொண்டு. நான் பையை முழங்காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டு குந்தினேன். நீ கண்ணைத் திறந்து என்னைப் பார்க்கவில்லை, பையைப் பார்த்தாய். ஆள் மெலிந்து கடதாசியாகக் கிடந்தும் அந்தக் கண் அப்படியேதான் இருந்தது.

“பைக்குள்ளை என்ன?”

தலைவர் என்னைப் பார்த்தார். நான் உன்னைப் பார்த்தேன். “சோறு கொண்டந்தனான்” என்றேன்.

தட்டையான, சதுரமான, ஒரு முழ அகலச் சோறு. உன் வாய் ஒரு பக்கம் கோணியது. சிரிப்பா, நோவா, எனக்குத் தெரியவில்லை. “எனக்கு இனிச் சோறு இறங்காது” என்றாய். “நீயே கொண்டு போய்ச் சாப்பிடு.”

கொண்டு போனேன். நாலாம் நாள் நீ இல்லை.

முந்தாநாள் ஆரணி வந்தாள். உன் நாடி, உன் நடை. தமிழ் மட்டும் உன்னுடையது இல்லை, பாவம், தடக்கித் தடக்கி வரும். “அன்ரி, அம்மா கீறின தைனிங்கர், படங்கள் எல்லாம் ஸ்கான் பண்ணிட்டன், மலருக்குப் போட. மூண்டிலை நம்பருக்கு மேலை ஸ்ரிக்கர். உரிச்சன். கீழை வேற நம்பர். ஒன்பது இல்லை. பெரியம்மாவும் அதைத்தான் கேக்கிறா.” பிறகு மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: “அது உங்கட கையெழுத்து எண்டு நினைக்கிறன். அம்மான்ரை பிரிட்ஜிலை நீங்கள் முந்தி எழுதின சமையல் குறிப்பு இருக்கு.”

பார், பதின்மூன்று வருடமாகியும் என் குறிப்பை நீ பிரிட்ஜில் இருந்து எடுக்கவில்லை. ‘தேடிப் பாக்கிறன்’ என்று நாக்கின் நுனி வரைக்கும் வந்தது, உன்னிடம் ஏன் மறைக்க வேண்டும். எழும்பிப் போய் அலுமாரியை இழுத்தேன். படத்தைக் கொண்டுவந்து அவளுக்கு முன்னால் வைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். தலைவரை, துண்டுகளை, ஆஸ்பத்திரியை. ஆரணி என்னைத் திட்டவில்லை. தொலைபேசியை எடுத்து ஊரில் இருக்கிற உன் அக்காவை அழைத்தாள். “எனக்குச் சொல்ல வேண்டாம் அன்ரி. பெரியம்மாட்டைச் சொல்லுங்கோ.”

திரையில் அக்காவின் முகம் வந்தது. காதும் அரைக் கன்னமும்தான் தெரிந்தன. நான் ஒரே மூச்சில் சொன்னேன். கண்ணாடி உடையவில்லை, நான்தான் கழற்றினேன், படம் இத்தனை வருடமும் என்னிடம்தான் இருந்தது. சொல்லிவிட்டு, “இந்தாங்கோ அக்கா, காட்டிறன், பாருங்கோ” என்று தொலைபேசியைப் படத்துக்கு நேராகப் பிடித்தேன்.

“அண்டைக்கு எனக்குக் கண் இருந்தது பிள்ளை” என்றாள் அக்கா.

ஆரணி என் காதுக்குள் சொன்னாள், சீனி வருத்தம் பெரியம்மாவின் இரண்டு கண்ணையும் எடுத்து மூன்று வருடமாம். நான் தொலைபேசியைப் பிடித்தபடியே நின்றேன். வேறென்ன செய்ய? என் மூஞ்சியில் அறைந்தாலும் அந்தளவு நொந்திருக்காது.

“சொல்லு” என்றாள் அக்கா. “என்ன இருக்குது எண்டு நீ சொல்லு.”

அப்போதுதான் உன் ஒன்பதாவது படத்தை முதல்முறையாகப் பார்த்தேன். வாயால் சொல்ல வேண்டும் என்றால் பார்க்கத்தானே வேண்டும். ஒரு படலை. வேலியோரம் முருங்கை மரம். மேலே உன் சூரியன், வாயைப் பொத்திக்கொண்டு. பாவாடை சட்டையோடு பிள்ளை, ஒரு கால் வளவுக்குள், ஒரு கால் றோட்டில். இழுக்கிறவள் சீருடை, இடுப்புப் பட்டி, மடித்துக் கட்டிய பின்னல். அவளுக்கும் அந்த வயதுதான். அவள் யாரையும் பார்க்கவில்லை, குனிந்து நிலத்தைப் பார்க்கிறாள். அவளுடைய முகத்தையும் நீ நேரமெடுத்துக் கீறியிருக்கிறாய். சங்கத்தில் ஒருவருக்கும் அது தெரியவில்லை. சீருடையைக் கண்டோம், அதோடு சரி. ஒவ்வொன்றாகச் சொன்னேன். அக்கா “ம்” கொட்டிக்கொண்டிருந்தாள். படலை சரியோ என்று நான் கேட்டேன். “ஓம், அந்தப் படலைதான்.” சட்டையில் பூ இருக்குதோ என்று அவள் கேட்டாள். “சின்னச் சின்னப் பூ அக்கா.”

பிறகு “என்ரை கை?” என்றாள்.

“என்னக்கா?”

“என்ரை கையை என்ன செய்து வைச்சிருக்கிறாள்?”

குனிந்து பார்த்தேன். “பிள்ளையின்ரை கையைப் பிடிச்சிருக்கிறியள். ரெண்டு கையாலையும். இறுக்கி.”

“விடேல்லையோ?”

“இல்லையக்கா. விடேல்லை.”

அந்தப் பக்கம் மூச்சுக் கேட்டது. “நான் விட்டனான் பிள்ளை” என்றாள். “ரெண்டு பக்கமும் இழுக்க, அவள் கை நோகுது அம்மா எண்டு கத்தினவள். விட்டிட்டன். அதை நான் தங்கச்சிக்கு மட்டும்தான் ரெலிபோனிலை சொன்னனான். அண்டைக்கு மண்டபத்திலை படம் இல்லை. நீ கண்ணாடி உடைஞ்சது எண்டனி, அவள் பேசாமல் நிண்டவள். எனக்கு விளங்கிச்சுது. நான் விட்டதை அப்பிடியே கீறிப்போட்டாள், எனக்குக் காட்ட மனமில்லாமல் ஒளிச்சிட்டாள் எண்டு. நான் கேக்கேல்லை. அவளும் சொல்லேல்லை. அப்பிடியே நினைச்சுக்கொண்டுதான் இருந்தனான், அவள் சாகும் மட்டும்.”

பொய்ச் சாட்சி கூடாது என்று எனக்குப் படிப்பித்தவள் நீ. பன்னிரண்டு படத்திலும் ஒரேயொரு பொய் கீறியிருந்தாய். உன் அக்காவுக்காக, அவளுடைய கண்ணுக்கு மட்டும் என்று கீறியிருந்தாய். அந்த ஒன்றைத்தான் நான் கழற்றிக்கொண்டு போனேன்.

“இன்னொருக்காச் சொல்லு பிள்ளை. என்ரை கை எங்கை இருக்குது?”

சொன்னேன். ஆரணி முகத்தைத் திருப்பிக்கொண்டு ஜன்னலடியில் நின்றாள். போகும்போது படத்தைக் கொண்டு போய்விட்டாள், மலரில் ஒன்பதாவது பக்கத்தில் வருமாம். தலைவர் தன் செய்தியைத் திருப்பி எடுக்கிறாரோ, கடைக்குச் சனம் வராமல் விடுகிறதோ, பார்த்துக்கொள்ளலாம். இன்று காலையும் அக்கா தொலைபேசி எடுத்தாள். சுகம் விசாரிக்கவில்லை, உன்னைப் பற்றியும் கதைக்கவில்லை. அதையேதான் கேட்டாள். நாளைக்கும் கேட்பாள். படம் என்னிடம் இல்லாவிட்டாலும் எனக்கு இனி அது வேண்டியதில்லை, பாடமாகிவிட்டது. அவள் கேட்கிற நேரமெல்லாம் நான் சொல்லிக்கொண்டிருப்பேன்: பிடிச்சபடிதான் நிக்கிறியள் அக்கா, விடேல்லை.